அண்ணையின் கமெராவும் கரையோரங்களும்

இலங்கையில் அழகான கடற்கரைப் படமொன்றை எடுப்பதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. தென்னை தானாகவே கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கும். பின்னேரம் ஐந்தரை மணியளவில் மேற்குக் கரையில் எந்த இடத்தில் நின்று கமெராவைத் தூக்கினாலும் ஒரு கலண்டருக்குப் போதுமான படம் விழுந்துவிடும். இதைச் சொன்னவர் நானல்லன். இருபது வருடங்களுக்கு மேலாக என்னோடு ஊர் ஊராக அலைந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர். தனது தொழிலைப் பற்றி இவ்வளவு இளக்காரமாகப் பேசியவர், அந்தக் கலண்டர்ப் படத்தை எடுக்காமல் தப்பித்துக்கொள்வதற்காகவே வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தம்முடைய பெயரை எழுதவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் அவரை அழைத்தபடியே இங்கும் அண்ணை என்றே குறிப்பிடுகிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாணப் படங்களும் அடையாள அட்டைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர், 1993 இல் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்தார். அடுத்த வருடம், கலைப்பட்டத்தோடு ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தபோது, பயணக் கட்டுரைகளுக்கு எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பிவைத்தார்கள். ஞாயிறு பதிப்புக்கு வண்ணப் பக்கம் ஒன்று தேவைப்பட்டது. யுத்தச் செய்திகளால் நிரம்பி வழிந்த பத்திரிகையில் கடலும் மலையும் கொண்ட பக்கமொன்று இருந்தால் நல்லதென்று ஆசிரியர் கருதினார். அவ்வளவுதான் எங்கள் பயணங்களின் தொடக்கம்.

அண்ணையிடம் இருந்தது ஒரு நிக்கோன் எப்.எம்.2. பற்றரி இல்லாமலும் இயங்கக்கூடிய கமெரா அது; வெளிச்சமானிக்கு மட்டுமே பற்றரி வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களில் பற்றரியும் ஒன்றாக இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்களிடையே தொழில் பழகியவர் அவர். வெளிச்சத்தை உள்ளங்கையைப் பார்த்தே கணிப்பார். கொழும்புக்கு வந்து பற்றரி தாராளமாகக் கிடைத்த பின்னரும் அந்த வழக்கத்தை விடவில்லை. வெயிலை நோக்கிக் கையை நீட்டி, உள்ளங்கை ரேகைகளைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் இவர் சாத்திரம் பார்க்கிறார் என்று நினைத்து, தங்கள் கையையும் நீட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு.

கடலோரத்துக்கும் கமெராவுக்கும் ஒத்துவராது. உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும். ஈரப்பதனால் லென்ஸ்களுக்குள் பூஞ்சணம் படரும். அண்ணையின் வெள்ளவத்தை அறையில் ஒரு சிறிய மர அலுமாரிக்குள் இரவு பகலாகக் குறைந்த வோற்று மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டேயிருக்கும். அதற்குள்தான் லென்ஸ்கள். ஊர்ப் பயணங்களில் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் வறுத்த அரிசியைப் போட்டு, அதற்குமேல் துணி விரித்து லென்ஸ்களை வைப்பார். திரும்பி வந்ததும் அந்த அரிசியைக் கோழிக்குப் போடுவது வீட்டுக்கார அம்மாவின் பொறுப்பு.

இந்தத் தீவின் கரையோரத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு மழை தெரிந்திருக்க வேண்டும். மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் மேற்கும் தெற்கும் கொந்தளித்துக் கிடக்க, கிழக்குக் கடல் கண்ணாடிபோல இருக்கும். மார்கழி, தை மாதங்களில் எல்லாம் தலைகீழாகும். கரைவலைச் சம்மாட்டிமார்கூட இந்தக் கணக்கின்படிதான் இடம் மாறுவார்கள்; நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவம் மாறியதும் கிழக்கிலும் வடகிழக்கிலும் வாடி அமைக்கப் போவது நெடுங்காலப் பழக்கம். இன்னொன்று, மத்தியரேகைக்கு அண்மையில் இருப்பதால் எங்கள் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஐரோப்பியப் படக்கலைப் புத்தகங்களில் சொல்லப்படும் நீண்ட பொன்மாலைப் பொழுது எங்களுக்கு வாய்ப்பதில்லை. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும். அதனால் நாங்கள் போன இடங்களிலெல்லாம் அண்ணைக்கு ஒரே அவசரம், எனக்கு ஒரே பசி. "தம்பி, சோறு எங்கையும் ஓடாது, வெளிச்சம் ஓடிப்போகும்" என்பார். உண்மையில் சோறும் பல தடவை ஓடிப்போயிருக்கிறது. சிறிய ஊர்களின் சாப்பாட்டுக் கடைகள் இரவு எட்டு மணிக்குப் பூட்டப்பட்டுவிடும்.

தென்கரையில் கொக்கல, அகங்கம, வெலிகம பகுதிகளில் கம்புகளின்மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களின் படத்தை அறியாதவர் இருக்க முடியாது. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஸ்டீவ் மக்கரி 1995 இல் வெலிகமவில் எடுத்த படம் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. பலர் இதனை ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று எழுதுகிறார்கள். உண்மையில் இரண்டாம் உலக யுத்த காலத்தையொட்டி, பாறைகளில் இடம்பிடிக்க முடியாதவர்கள் கடலுக்குள் கம்பு நட்டுக் குந்தத் தொடங்கியதாகவே பொதுவாகக் கூறப்படுகிறது. நாங்கள் 1997 இல் போனபோது அவர்கள் மெய்யாகவே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய பைக்குள் சின்னச் சின்ன மீன்கள் துடித்தன. இப்பொழுது அங்கே கம்புகளில் ஏறியிருப்பவர்களில் அநேகர் சுற்றுலாப் பயணிகளின் கமெராவுக்காகவே ஏறுகிறார்கள், படத்துக்குக் காசு. இதனைப் போலித்தனம் என்று இகழ்ந்து எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004 கடற்கோளுக்குப் பிறகு மீனும் குறைந்து, கரையும் ஹோட்டல்களின் வசமாகிப்போன நிலையில், அந்த மனிதர்களிடம் மிஞ்சியிருந்தது அவர்களுடைய தோற்றம் ஒன்றுதான். அதனை மற்றவர்கள் விற்றுப் பணம் பண்ணலாம், அவர்கள் விற்கக்கூடாது என்பது என்ன நியாயம்?

அந்த 1997 ஆம் வருடப் பயணத்தின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. திரும்பும் வழியில் ஒரு வெளிச்சவீட்டை அண்ணை படம் எடுத்தார். கமெரா, தமிழ்ப் பெயர், யாழ்ப்பாணத்தில் பிறந்த இடம் குறிக்கப்பட்ட அடையாள அட்டை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அக்காலத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டியும் பயனில்லை. ஒரு சிறு நகரத்துப் பொலிஸ் நிலையத்தின் வாங்கில் பின்னேரம் வரை இருந்தோம். எங்களை விடுவதற்கு முன்னர் கமெராவைத் திறந்து பிலிமை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். கம்புகளில் குந்தியிருந்த மீனவர்கள் அந்த ரோலில்தான் இருந்தார்கள். அண்ணை கோபப்படவில்லை. சுருண்டு கிடந்த பிலிமை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதை ஏன் கொண்டுபோறியள்?" என்று கேட்டேன். "முப்பத்தாறு படம் தம்பி. எறிய மனமில்லை" என்றார்.

நகரப் படங்களைப் பற்றிச் சொல்வதென்றால் கொழும்பைத்தான் சொல்லவேண்டும். கோட்டைப் பகுதியில் 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்ட பின்னர் அங்கே கமெராவை வெளியே எடுப்பது ஆபத்தான காரியமாகியிருந்தது. ஆகவே அண்ணையின் நகரம் புறக்கோட்டைதான். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜம்மி உல் அல்பார் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனை எல்லோரும் அண்ணாந்து நின்று எடுப்பார்கள். அண்ணை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வெங்காய மூடைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுக்கும் நாட்டாமிமார், காலை பத்து மணி வெயில் பள்ளிவாசலின் சுவரில் பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கத்துக் கடைவாசலில் விழுவதனால் ஏற்படும் இளஞ்சிவப்பு வெளிச்சம், இவைதான் அவருக்கு வேண்டியிருந்தன. "அந்த வெளிச்சத்திலை ஆரை நிப்பாட்டினாலும் மாப்பிள்ளை மாதிரி இருப்பினம்" என்பது அவரது பழைய கலியாணப்பட அனுபவம்.

காலிமுகத்திடலில் அவர் எடுத்த படங்கள் தனிக்கணக்கு. ஆளுநர் ஹென்றி வோர்ட்டின் காலத்தில், 1859 இல், பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்குவதற்காக அமைக்கப்பட்ட நடைபாதை என்று அங்குள்ள கல் சொல்லும். பட்டம், இறால் வடை, குடைக்குள் மறையும் சோடிகள் ஆகியவை எந்தப் படப்பிடிப்பாளரையும் ஏமாற்றியதில்லை. திடலின் வடக்கு முனையில் நின்று மேற்கே பார்த்தால் ஒருகாலத்தில் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. 2014 இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டம் அங்கே 269 ஹெக்ரயர் கடலை நிலமாக்கிவிட்டது. அண்ணையின் பழைய படங்களில் அலை அடிக்கும் இடத்தில் இப்போது வீதி இருக்கிறது. அழகுக்காக எடுத்த படம் சாட்சிப் படமாக மாறுவதற்கு எத்தனை வருடம் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், சில இடங்களில் பத்து வருடம் போதும் என்பேன்.

ஒரே நாளிலும் மாறலாம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அடுத்த சில மாதங்களில் பாதைகள் திறந்தன. எங்கள் இருவருக்கும் அந்த இரண்டரை வருடங்கள்போல ஒரு காலம் வாய்த்ததில்லை. பருத்தித்துறை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, பாணமை என்று கிழக்கையும் வடக்கையும் சுற்றினோம். 2003 ஜூன் மாதம் மட்டக்களப்பில் தங்கியிருந்தபோது விடியமுன் நாவலடிக்குப் போனோம். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இடையில் ஒரு மணல் நாடா, அதன்மேல் ஒரு கிராமம். சூரியன் கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்பாப் பாடலின் இழுவைக்கேற்ப இரண்டு வரிசை மனிதர்கள் பின்னோக்கி நடந்தார்கள். அந்தக் கயிற்றின் ஓரத்தில், ஏழெட்டு வயதிருக்கும், ஒரு சிறுமி தானும் வலை இழுப்பதாகப் பாவனை செய்துகொண்டு காலை மணலில் ஊன்றிச் சாய்ந்து நின்றாள்.

அந்தப் படம் ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கத்துக்கு வந்தது. 'நாவலடியில் ஒரு காலை' என்று நான் தலைப்பிட்டேன். பெயர் எதுவும் போடவில்லை. இயற்கைக் காட்சிப் படத்தில் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர் போடும் வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் கிடையாது.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணியை அண்டிக் கடல் நாவலடிக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வாவிக்குள் போனது. அங்கே ஓடுவதற்கு இடம் இல்லை. முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை இந்நாடு அன்று இழந்தது.

அடுத்த பெப்ரவரியில் ஒரு முற்பகல், எங்கள் காரியாலயத்தின் வரவேற்பு மேசையிலிருந்து என்னை அழைத்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். இரவு பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் எங்கள் பத்திரிகையின் அந்த அரைப்பக்கம். செங்கலடியில் இருக்கும் அவரது சகோதரி அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். உரித்தெடுக்கும்போது கிழிந்து, சிறுமியின் முகம் சுவரோடேயே போய்விட்டது.

"மகள்ர படம் ஒண்டும் மிச்சமில்ல ஐயா. வீடும் இல்ல, அல்பமும் இல்ல. இதுதான் இருந்திச்சி. நல்ல கொப்பி ஒண்டு எடுத்துத் தருவீங்களா?"

அவரை இருத்திவிட்டு அண்ணையைத் தேடிப் போனேன். அதற்கு முந்தைய வருடம்தான் காரியாலயம் டிஜிற்றல் முறைக்கு மாறியிருந்தது. பிரசுரமான படங்களின் நெகற்றிவ்கள் காரியாலயத்து நூலகத்துக்குரியவை. அவை இருந்த அலுமாரிகளின் இடத்தில் கணினி மேசைகள் வந்திருந்தன. நெகற்றிவ்கள் மூடை கட்டப்பட்டு எங்கோ போயின; எங்கே என்பதற்குப் பொறுப்பான பதில் சொல்லக்கூடியவர் அன்றும் இருக்கவில்லை, அதற்குப் பின்னரும் இருக்கவில்லை. ஒரு தேசத்தின் அரை நூற்றாண்டு முகங்கள் மூன்று மேசைகளுக்கு இடம் விட்டன. இதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனது கை நிதானம் இழக்கிறது.

அண்ணை வெள்ளவத்தைக்குப் போய் வந்தார். பிலிமை ஆறு ஆறு படங்களாக வெட்டி வைப்பது வழக்கம். காரியாலயம் வாங்கிக்கொள்வது பிரசுரத்துக்குத் தேர்ந்த துண்டை மட்டுமே. எஞ்சிய ஐந்து துண்டுகளும் அவரது அலுமாரிக்குள் லென்ஸ்களோடு அந்த மின்குமிழின் சூட்டில் இருந்தன. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் மேசைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வலை, வள்ளம், மனிதர்களின் முதுகுகள், காகங்கள். ஒரே ஒரு சட்டத்தில், இடது ஓரத்தில், பாதி உடல் படத்துக்கு வெளியே வெட்டுப்பட்ட நிலையில் அந்தப் பிள்ளை இருந்தாள். கயிற்றை விட்டுவிட்டு யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். ஓரம் வெட்டுப்பட்டதால் அண்ணை கழித்து ஒதுக்கிய படம்.

அன்று பின்னேரமே அதைப் பெருப்பித்து எடுத்தோம். வந்தவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, வெட்டுப்பட்ட ஓரத்துக்கு வெளியே, வெறும் காற்றில் விரலை வைத்து, "இதில நான் நிண்டனான்" என்றார்.

காசு எவ்வளவு என்று கேட்டார். அண்ணை பதில் சொல்லவில்லை. தனது சிறிய கொப்பியை எடுத்து, "பிள்ளையின்ரை பேர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது.

அதற்குப் பிறகு அண்ணை பெயர் கேட்காமல் எவரையும் படம் எடுத்ததில்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரியும் தோணிக்காரர் கரைக்கு வரும்வரை வெயிலில் காத்திருந்து, பெயரும் முகவரியும் வாங்கி, கொழும்புக்கு வந்ததும் படத்தின் பிரதியைத் தபாலில் அனுப்புவார். முத்திரைச் செலவைக் காரியாலயம் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் நான் ஜூலியா மார்கரட் கமரனைப் பற்றி வாசித்தபோது இந்த விடயம் வேறொரு கோணத்தில் உறைத்தது. விக்ரோரியா காலத்து இங்கிலாந்தின் பெரும் படக்கலைஞரான அவர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். களுத்துறைக் கரையில் இருந்த வீட்டில் 1877 இல் தம்மைக் காண வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படம் பிடித்தார். அந்தப் படத்துக்குப் பெயர் இருக்கிறது. அதே களுத்துறையில் அவர் எடுத்த உள்ளூர் மனிதர்களின் படம் 'களுத்துறைக் குடியானவர்கள் குழு' என்றே இன்றும் நூதனசாலைகளில் வழங்குகிறது. முகங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. நூற்றைம்பது வருடமாக அவர்கள் குழுவாகவே நிற்கிறார்கள்.

யுத்தம் முடிந்த பின்னர், 2010 இல், நாங்கள் முதன்முதலாக மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக்குப் போனோம். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1679 இல் தப்பி வந்து சேர்ந்தது இந்த ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். அதற்குச் சற்று அப்பால் செம்மண் மேட்டின் விளிம்பில், முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டுவித்த 'டொரிக்' மாளிகையின் இடிபாடு நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தூண்கள், அதற்குக் கீழே கடல். ஒவ்வொரு பருவத்திலும் கடல் அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஊரின் பெயரே அரிப்பு என்பதைச் சொல்லி நான் சிரித்தபோது, பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் சிரிக்கவில்லை. அவருடைய ஐயா காலத்தில் கடலுக்கும் மாளிகைக்கும் இடையில் ஆடு மேயுமளவுக்கு நிலம் இருந்ததாகச் சொன்னார். அவரது பெயரும் அண்ணையின் கொப்பியில் ஏறியது.

2014 இலும் 2019 இலும் மறுபடி போனோம். அண்ணை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று அதே சட்டத்தில் படம் எடுக்க விரும்பினார். 2010 இல் முக்காலியை ஊன்றிய இடத்தைப் பழைய படத்தை வைத்துக் கணித்து நடந்து போனவர், 2019 இல் ஓரத்தில் நின்றுவிட்டார். முக்காலியின் மூன்று கால்களில் ஒன்றுக்கு நிலம் இருக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து எடுத்தார். மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தூண்கள் குறைந்துகொண்டே வருவதைக் குழந்தையும் சொல்லும். பிரசுரிக்கக் கேட்டேன். "நாலாவதும் வரட்டும்" என்றார்.

இப்போது அவருக்கு எழுபது நெருங்குகிறது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்தாயிற்று. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கொப்பிகள் பதினொன்று சேர்ந்திருக்கின்றன. அனுப்பிய பிரதிகளில் விலாசதாரர் இல்லையென்று திரும்பி வந்த கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை 2006 க்கும் 2009 க்கும் இடையில் முல்லைத்தீவுப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய், அந்த உறைகளிலுள்ள பெயர்களை வாசிக்கிறேன். அவர் எந்தக் கரை, எந்தக் காலை என்று சொல்கிறார். நான் கணினியில் பதிகிறேன். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் எவராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்பது எண்ணம். இதுவரை மூன்று உறைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சென்ற வாரம் பதிந்துகொண்டிருக்கும்போது, அரிப்புக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். கண் ஆறட்டும் அண்ணை என்றேன். ஆவணியில் அந்தப் பக்கம் காற்று பலமாயிருக்குமாம், முக்காலி நிற்காதாம், பங்குனியில்தான் சரியாம். அத்தோடு, இந்தமுறை பின்னேரம் நாலரை மணிக்கே அங்கே நிற்கவேண்டுமாம். ஆதலால் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார்.